பதினைந்து நாள் அவகாசம்

1920 நவம்பர் 3, புதன்

வீட்டுவசதி அலுவலகத்திலிருந்து வந்தவன் தொப்பியைக் கழற்றாமலேயே என் அறைகளை எண்ணினான். ஐந்து அறை, ஒரு சமையலறை, வசிப்பவர் ஒருவர்.

"உங்களுக்கு மூணு போதும்" என்றான்.

என் கணவர் இந்த ஊர் மாவட்ட நீதிமன்றத்தில் இருபத்தாறு ஆண்டுகள் நீதிபதியாக இருந்தவர் என்றேன்.

"தெரியுது. அதான் அஞ்சு அறை."

மூனிக்கில் மன்னரும் பெர்லினில் பேரரசரும் இருந்தவரை யாரும் என் அறைகளை எண்ணியதில்லை. இப்போது ஜெர்மனி குடியரசு. போர் நடந்த நான்கு ஆண்டுகளில் யாரும் வீடு கட்டவில்லை; அதனால் இடம் மிஞ்சிய வீடுகளில் இவர்களே ஆட்களைக் குடியமர்த்துவார்களாம். பின்பக்கத்து இரண்டு அறைகள் லெக்னர் என்கிற தம்பதிக்கு. அலோயிஸ் லெக்னர் சரக்கு ரயில் நிலையத்தில் வேலை செய்கிறான். ரோசினா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில். சமையலறை பொது.

ஏழு விதிகளை எழுதி அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். கன்னியர் மடத்துப் பள்ளியில் மதர் வால்புர்கா பிரம்பால் அடித்துக் கற்றுக்கொடுத்த சாய்வெழுத்து. எழுபத்தொரு வயதிலும் ஒரு எழுத்து வரியை விட்டு இறங்கவில்லை.

நவம்பர் 6

என் மாவுச் சல்லடை ஈரமாக இருந்தது. எட்டாவது விதி.

நவம்பர் 14, ஞாயிறு

தேவாலயத்தில் முதல் பூசை முடிந்து வந்தபோது பென்னோ வாசலில் ஒரு வண்டியோடு நின்றிருந்தான். என் தம்பி மகன். தாய் தகப்பன் இல்லாமல் பத்து வயதில் என்னிடம் வந்தவன். எனக்குக் குழந்தை இல்லை. லெப்டினன்டாகப் போருக்குப் போனான், லெப்டினன்டாகவே திரும்பினான். இப்போது எந்தப் படையில் இருக்கிறான் என்று கேட்டால் பழைய தோழர்கள் என்கிறான்.

ஊர் முழுக்கப் பெரிய பூசையில் இருந்த நேரத்தில் அவனும் இன்னும் நான்கு பேரும் ஒன்பது நீளப் பெட்டிகளை என் நிலவறைக்கு இறக்கினார்கள்.

"என்னடா இது?"

"படைப்பிரிவு நூலகம், அத்தை. எல்லாம் புத்தகம். கொஞ்ச நாள் இருக்கட்டும்."

புத்தகம் சுமப்பவர்கள் அவ்வளவு குனிவதில்லை. நான் மேற்கொண்டு கேட்கவில்லை. நிலவறையின் உட்பகுதிக் கதவில் புதுப் பூட்டு மாட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டான்.

பார்லிக் காபி கொடுத்தேன். வழக்கமான பேச்சு.

"களத்துல நாம தோக்கலை, அத்தை. உள்ளூர்ல இருந்தவங்கதான் முதுகுல குத்திட்டாங்க."

"தோற்கலைன்னா ஏன் திரும்பி வந்தீங்க?"

சிரித்தான். "மாமாவைவிட நீங்கதான் கண்டிப்பான நீதிபதி."

கேள்விக்கு அது பதில் இல்லை என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.

நவம்பர் 22

சமையலறை அடுப்பு மூன்று நாளாகப் புகைந்தது. இன்று லெக்னர் அதன் குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்தான். இடக்கையில் இரண்டு விரல் இல்லை, வெர்தூன் போர்க்களத்தில் போனதாம். இருக்கிற மூன்று விரலால் என்னைவிட வேகமாகத் திருகு கழற்றுகிறான்.

"விளக்கைக் கொஞ்சம் இப்படிக் காட்டுங்கம்மா" என்றான்.

"இந்த ஊரில் எல்லாரும் என்னை நீதிபதியம்மான்னுதான் கூப்பிடுவாங்க."

"புது அரசியல் சட்டத்துல பட்டம் எல்லாம் எடுத்தாச்சுங்கம்மா. எனக்கு கார்ப்பரல் போச்சு, உங்களுக்கு நீதிபதி போச்சு. கணக்கு நேர்."

ரோசினா அடுப்பங்கரையிலிருந்தே அதட்டினாள். "வாயை மூடிக்கிட்டுக் குழாயைப் பாரு. கரியெல்லாம் சூப்புல விழுது."

இந்த அரசாங்கம் அடுத்த கோடைவரை தாங்குமா என்று நான் கேட்டேன். கேலியாகத்தான் கேட்டேன். அவன் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை.

"சண்டைக்குப் போகச் சொன்னது ஜெனரலுங்க. தோத்தது அவங்க. ஆனா சமாதானப் பத்திரத்துல கையெழுத்துப் போட வேண்டிய நேரத்துல காணாமப் போயிட்டாங்க. பொறந்து எட்டு மாசம்கூட ஆகாத குடியரசு போய்ப் போட்டுது. இப்ப ரொட்டி இல்லைன்னாலும் அதைத் திட்டறாங்க, அடுப்புப் புகைஞ்சாலும் அதைத் திட்டறாங்க."

"நான் அடுப்புக்கு உங்களைத் திட்டினேன். குடியரசை இல்லை."

அவன் சத்தமாகச் சிரித்தான். அடுப்பு இப்போது புகைவதில்லை. இதை மறுக்க முடியாது.

டிசம்பர் 1, புதன்

மாலை லெக்னர் என் கூடத்துக் கதவைத் தட்டினான். மூன்றாவது விதியின்படி கூடத்துக்கு வரக் கூடாது. கையில் கரி.

"உள்ள வரலாமாம்மா? ரோசினாவுக்குக் கேக்க வேண்டாம்."

கரி அள்ளப் போனபோது நிலவறைத் தடுப்பில் ஒரு பலகை விலகியிருந்ததாம். விளக்கைப் பிடித்துப் பார்த்தானாம்.

"அது புத்தகம் இல்லைம்மா. துப்பாக்கி. எண்பது இருக்கும். ரெண்டு மெஷின் கன்னும் இருக்கு."

"பூட்டின இடத்துக்குள்ள எட்டிப் பார்க்கிறது எந்த ஊர் வழக்கம்?"

"ஆயுதம் ஒப்படைக்கக் கெடு நவம்பர் முதல் தேதியோட முடிஞ்சுது. வெச்சிருந்தா ஜெயில். வீடு உங்க பேர்ல இருக்கு."

பிரெஞ்சுக்காரர்கள் வந்தால் ஊரைக் காக்க அவை தேவைப்படும் என்றேன். பென்னோ எப்போதோ சொன்னதுதான்.

"பிரெஞ்சுக்காரன் ரைன் நதிக்கரையில இருக்காம்மா. இங்கேர்ந்து எவ்வளவு தூரம்? இந்தத் துப்பாக்கி எங்களை மாதிரி ஆளுங்களுக்கு." தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தான். "நான் நாளைக்கே மாவட்ட அலுவலகத்துல சொல்லிடலாம். ஆனா இந்த வயசுல உங்களைக் கொண்டுபோய்க் கூண்டுல நிக்கவைக்க எனக்கு மனசு வரலை. லெப்டினன்ட்கிட்ட சொல்லுங்க. பதினஞ்சு நாள். பதினாறாம் தேதி வேலை முடிஞ்சு வந்து பார்ப்பேன். காலியா இருந்தா, நான் எதையும் பார்த்ததே இல்லை."

என் வீட்டில் ஒரு சரக்கு நிலையக் கூலி எனக்குக் கெடு வைக்கிறான்.

கதவுப் பிடியில் கரி ஒட்டியிருந்தது. துடைத்தேன்.

டிசம்பர் 2

பென்னோவுக்கு எழுதினேன். "குடியிருப்பவர் ஒருவர்" என்று தொடங்கி, அது சோம்பேறித்தனம் என்று தோன்றி வேறு தாள் எடுத்தேன். பெயர், வேலையிடம், அவன் சொன்னவை, அவன் வைத்த தேதி எல்லாவற்றையும் வரிசையாக எழுதினேன். துல்லியமில்லாத கடிதத்துக்குத் தபால்தலை வீண்.

டிசம்பர் 6

பென்னோவின் பதில். பெட்டிகளை இப்போது நகர்த்த முடியாதாம். லெக்னரிடம் தானே பேசிச் சரிக்கட்டிவிடுகிறானாம். வீட்டில் பேசினால் அவன் மனைவி பயப்படுவாள், அதனால் வழியில் பார்ப்பதே நல்லது; எந்த வழியாக, எப்போது வருவான் என்று கேட்டிருக்கிறான். நியாயமான யோசனை.

டிசம்பர் 7

பதில் அனுப்பினேன். லெக்னரின் வேலை நேரப் பட்டியல் சமையலறைச் சுவரில்தான் இருக்கிறது. அடுப்பு முறை வகுக்க நானே கேட்டு வாங்கியது. வியாழக்கிழமை ஐந்தரைக்கு முடியும். மரக்கிடங்கை ஒட்டிய கால்வாய்ப் பாதை.

வெண்ணெய் எங்கும் கிடைக்கவில்லை.

டிசம்பர் 16, வியாழன்

என் நாமத் திருநாள். புனித அடெல்ஹைட் பேரரசியின் பெயர் எனக்கு. எங்கள் ஊரில் பிறந்த நாளை யாரும் பொருட்படுத்துவதில்லை. பெயர் தந்த புனிதரின் நாளில் காபிக்கு அழைக்காமல் இருந்தால்தான் தவறு. வழுக்குப் பனி என்று இரண்டு தோழியரும் மன்னிப்புச் சீட்டு அனுப்பிவிட்டார்கள். பென்னோ மட்டும்தான். சிறுவனாக இருந்ததிலிருந்து இந்த நாளில் சரியாக நாலு மணிக்கு வருவான்.

மேசையை மூன்றரைக்கே போட்டேன். பன்றிக்கொழுப்பில் செய்த கேக். வெண்ணெய் என்று நினைத்துக்கொண்டால் வெண்ணெய்.

நாலு. ஐந்து. ஆறு. காபியை இரண்டு முறை சூடு செய்தேன்.

கூடத்துக் கடிகாரத்தில் ஏழு இருபதுக்கு வந்தான். காலையில்தான் கோவில் மணியோடு ஒத்துப்பார்த்துத் திருத்தியிருந்தேன். முழங்கால்வரை நனைந்திருந்தது. பனியில் விழுந்துவிட்டானாம். சமையலறையில் நெடுநேரம் கை கழுவினான். மூன்று துண்டு கேக் தின்றான்.

"நாலு மணிக்கே வந்துட்டேன், இல்லையா அத்தை?"

"வரலை."

"வந்துட்டேன்னு வெச்சுக்குங்க." என் கன்னத்தில் முத்தமிட்டான். உதடு ஜில்லென்றிருந்தது.

அவன் போன பிறகு எட்டரைக்கு ரோசினா வேலையிலிருந்து வந்தாள். "அவர் இன்னும் வரலையா?" என்றாள். இல்லை என்றேன்.

டிசம்பர் 18, சனி

கிறிஸ்துமஸ் கெண்டைக்குச் சொல்லிவைக்க மீன் கடைக்குப் போனேன். நீண்ட வரிசை. மீன்காரர் தலைக்கு ஒரு கிலோதான் என்று பலகையில் எழுதியிருந்தார். "கிலோ" என்பதை இரண்டு விதமாக எழுதியிருந்தார். எனக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள். கால்வாய் மதகில் காலையில் ஒரு உடலை எடுத்தார்களாம். சரக்கு நிலையத்து ஆள். கழுத்தில் அட்டை கட்டியிருந்ததாம், "துரோகி" என்று.

மீன் சொல்லாமல் வந்துவிட்டேன்.

வீட்டில் ரோசினா இல்லை. அவளுடைய உருளைக்கிழங்கு அடுப்பிலேயே வெந்து குழைந்திருந்தது. இறக்கிவைத்தேன்.

டிசம்பர் 20

காவல் ஆய்வாளர் வந்தார். மரியாதையான மனிதர், கால்மிதியில் இரண்டு முறை துடைத்துவிட்டு வந்தார். நிலவறையில் ஆயுதம் இருப்பதாகவும் கணவன் பதினாறாம் தேதிவரை தவணை கொடுத்திருந்ததாகவும் ரோசினா எழுதிக்கொடுத்திருக்கிறாள். அவளுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

"நிலவறையைப் பார்க்கலாமாம்மா?"

"உட்பகுதிச் சாவி என் தம்பி மகனிடம்."

"அப்படின்னா வேண்டாம். பூட்டை உடைச்சா உங்க கதவுதான் கெடும்." எழுதிக்கொண்டார். "பதினாறாம் தேதி லெப்டினன்ட் இங்க வந்தாரா?"

"வந்தான். என் நாமத் திருநாள்."

"நாலு மணிக்கா?"

"நாலு மணிக்குத்தான் அழைத்திருந்தேன்."

"நாலு மணியிலேர்ந்து" என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.

நான் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் உண்மை.

டிசம்பர் 24

ஒரு அடுப்புக்குத்தான் கரி. என் கூடத்தில் ஜன்னலின் உட்பக்கம் பனி உறைந்திருக்கிறது. ஆகவே இருவரும் சமையலறையில். அவளிடம் கறுப்பு உடை இல்லை. என் கணவருக்காக நான் உடுத்திய கறுப்புச் சால்வையைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து, "லெப்டினன்ட் அன்னைக்கு எப்ப வந்தார்?" என்றாள்.

"ஆய்வாளரிடம் சொல்லியிருக்கிறேன்."

"அவர்கிட்ட சொன்னது எனக்குத் தெரியும். உங்களைக் கேட்டேன்."

அடுப்பில் கரி போட எழுந்தேன். போடும் நேரம் ஆகவில்லை.

1921 ஜனவரி 8, சனி

பாவசங்கீர்த்தனம். பாதிரியாரிடம் சொன்னவை: பொறுமையின்மை, மூன்று முறை. ஞாயிறு பூசையில் கவனச்சிதறல், ஒரு முறை. வேறு எதுவும் சொல்வதற்கு இல்லை.

திரும்பி வரும்போது என் வீட்டுக்கு எதிரே, ரொட்டிக்கடை ஓரத்தில் பென்னோவின் தோழர்களில் ஒருவன் நின்றிருந்தான். பெட்டி சுமந்த நால்வரில் உயரமானவன். தொப்பியைத் தொட்டு வணங்கினான். மாலையிலும் நின்றான்.

ஜனவரி 11

ரோசினா துணி மடித்துக்கொண்டே பேசினாள். என்னைப் பார்க்கவில்லை.

"துப்பாக்கியைப் பார்த்த அன்னைக்கு ராத்திரியே அவர் என்கிட்ட சொன்னார். நான் சொன்னேன், உடனே போய்ச் சொல்லிடு, இவங்களை நம்பாதேன்னு. அவர் கேக்கலை. அந்தம்மா வாய்தான் கடுமை, நேர்மையானவங்க, அவங்களே பேசி எடுக்க வெச்சிடுவாங்கன்னார்." ஒரு தலையணை உறையை உதறினாள். "அலுவலகத்துல அவர் வாயே திறக்கலை. இந்த ஊர்ல அவர் சொன்னது ரெண்டே பேர்கிட்ட. எனக்கு. அப்புறம் உங்களுக்கு."



பால்காரி இன்று அரை லிட்டர்தான் கொடுத்தாள்.

லெக்னர் நாற்பது வயதுகூட ஆகாதவர். சுவரில் அவருடைய வேலை நேரப் பட்டியல் இன்னும் இருக்கிறது. அதைக் கழற்றுவது என் வேலையா அவள் வேலையா என்று தெரியவில்லை.

ஜனவரி 17, திங்கள்

விசாரணை நீதிபதியிடமிருந்து அழைப்பாணை. வெள்ளிக்கிழமை பத்து மணி. நீதிபதி மயர்ஹோஃபர், என் கணவரிடம் தொழில் பழகிய பையன், ஞாயிறுதோறும் என் மேசையில் சாப்பிட்டவர்.

தாள் வந்த ஒரு மணி நேரத்தில் பென்னோ வந்தான். அழைப்பாணை வந்தது எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, ஊர் சிறிது என்றான்.

"ஒரே வார்த்தை, அத்தை. நாலு மணி. ஆய்வாளர்கிட்ட சொன்னதையே சொல்லுங்க."

"நான் நாலு மணின்னு சொல்லவே இல்லை."

"எழுதியிருக்கே." என் கையைப் பிடித்துக்கொண்டான். இந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் முதல் நற்கருணைக்கு நடந்தான். "நீங்க என்னை வளர்த்தீங்க. இந்தக் கிழிஞ்சு தொங்கற அரசாங்கத்துக்காக என்னை விட்டுக்கொடுப்பீங்களா? அப்புறம், நிலவறை உங்க பேர்ல இருக்கு. யாராவது பூட்டைத் திறந்தா முதல்ல உங்களைத்தான் கேப்பாங்க."

"நீ அவரை என்ன செய்தாய்?"

"பேசினேன்" என்றான்.

எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டான். இனி காலைப் பூசைக்கு நான் பனியில் தனியாகப் போக வேண்டாமாம். எதிரே நிற்கும் தோழன் கூட வருவானாம். வேண்டாம் என்றேன். மறுநாள் முதல் வருவான் என்றான்.

ஜனவரி 18

வந்தான். என் பின்னால் மூன்றாவது பெஞ்சில் மண்டியிட்டான். ஜெபங்களை விழுங்கிவிழுங்கிச் சொல்கிறான்.

ஜனவரி 20

நேற்று முழுவதும் கூடத்திலேயே உட்கார்ந்து கை விறைத்தபின் சமையலறைக்கு வந்தேன். ரோசினா எனக்கும் ஒரு கோப்பை ஊற்றி வைத்தாள், கேட்காமலேயே வைத்தாள்.

இன்று மாலை சொன்னேன். "ஏழு இருபதுக்கு வந்தான். நாளை அதைத்தான் சொல்வேன்."

அவள் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். 

"உங்களை என்ன செய்வாங்க?"

"எனக்கு எழுபத்தொரு வயது."

என் வெள்ளைக் கழுத்துப்பட்டியை வாங்கிக் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுத்தாள். மருத்துவமனைச் சலவைக்காரியின் கை. ஒரு மடிப்பு இல்லை. இந்த வேலையில் நான் குறை காண முடியாமல் போனது இதுவே முதல் முறை.

மற்றதை, கடிதங்களை, அவளிடம் சொல்ல நேரம் அமையவில்லை.

ஜனவரி 21, வெள்ளி

எல்லாவற்றையும் நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

பத்து மணிக்கு ஐந்து நிமிடம் முன்பே போனேன். அதே படிக்கட்டு, அதே மெழுகு வாசனை. வாயில்காப்பவர்கூட என் கணவர் காலத்தவர்தான். மயர்ஹோஃபர் எழுந்து வந்து என் கையை முத்தமிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். நன்றாகச் சதை போட்டுவிட்டார்.

"ஐயா உக்காந்த அதே நாற்காலிலதாம்மா நான் உக்காந்திருக்கேன். ஒரு ஆணிகூட மாத்தலை. மன்னர் போனார், சட்டசபை வந்தது, நம்ம கட்டடத்துக்கு யாரும் வரலை."

பெயர், வயது, முகவரி. ஓர் எழுத்தர் எழுதினார். பிறகு கேள்வி வந்தது.

"லெப்டினன்ட் உங்க வீட்டுக்கு எத்தனை மணிக்கு வந்தார்?"

"ஏழு இருபது" என்றேன். என் குரல் தெளிவாக இருந்தது.

எழுத்தரின் பேனா நின்றது. மயர்ஹோஃபர் அவரை வெளியே போய் நிற்கச் சொன்னார். கதவு மூடியதும் இழுப்பறையைத் திறந்து ஒரு உறையை மேசைமேல் வைத்தார். பென்னோவின் முகவரி, சாய்வெழுத்தில். ஒரு எழுத்து வரியை விட்டு இறங்கவில்லை.

"இது எப்படி எனக்குக் கிடைச்சதுன்னு கேக்காதீங்கம்மா. ஏழு இருபதுன்னு நான் எழுதினா, அடுத்த கேள்வியையும் எழுதணும். அந்த ஆள் அந்தப் பாதையில அந்த நேரத்துக்கு வருவான்னு லெப்டினன்ட்டுக்கு எப்படித் தெரியும்? அப்ப இதைக் கோப்புல சேர்த்தே ஆகணும். உடந்தைன்னு சட்டத்துல ஒரு சொல் இருக்கு. ஐயா உங்களுக்குச் சொல்லியிருப்பார்."

"அவன் பேசப்போவதாக எழுதியிருந்தான். வழி கேட்டான். சொன்னேன்."

"எனக்கு அதுல சந்தேகமே இல்லை. அதனாலதான் கோப்புல வெக்காம இழுப்பறையில வெச்சிருக்கேன்." உறையை மறுபடி உள்ளே வைத்து மூடினார். மெல்லத்தான் மூடினார். "இந்தக் குடியரசு இன்னும் எத்தனை மாசம்னு யாருக்குத் தெரியும்? ஐயாவோட பேர் இந்தக் கட்டடத்துல அதுக்கப்புறமும் இருக்கணும். ஒரு சரக்கு நிலையத்து ஆளுக்காக அதைச் சேத்துல இழுப்பீங்களா?"

எழுத்தரைக் கூப்பிட்டுச் சொல்லச்சொல்ல எழுதவைத்தார். எழுபத்தொரு வயதான சாட்சிக்கு அன்றைய நேரத்தைத் திட்டமாக நினைவுகூர இயலவில்லை, விருந்தினர் வழக்கம்போல் பிற்பகலில் வந்ததாகவே கருதுகிறார். வாசித்துக் காட்டினார். ஓரிடத்தில் காற்புள்ளி விடுபட்டிருந்தது, சொன்னேன், சேர்த்தார்கள்.

பிறகு மயர்ஹோஃபர் எழுந்து நின்று பேனாவை மையில் தோய்த்து நீட்டினார். நிற்கும் கனவானை உட்கார்ந்திருக்கும் பெண் காக்கவைக்கக் கூடாது என்று மடத்தில் கற்றோம். கையெழுத்திட்டேன்.



அதே நாள், மாலை

ரோசினா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"எழுதிக்கிட்டாங்களா?"

நான் மேலங்கியைக் கழற்றினேன். அவள் என் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு உள்ளே போனாள். கதவை அறைந்து சாத்துவாள் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் சாத்தினாள்.

பிப்ரவரி 9, சாம்பல் புதன்

போதிய சான்று இல்லை என்று விசாரணை முடிக்கப்பட்டது. ரோசினாவுக்கு ஒரு பக்கத் தாள் வந்தது. மேசைமேல் எனக்குப் படிக்கும்படி திருப்பி வைத்தாள். காற்புள்ளிகள் சரியாக இருந்தன.

"ரயில்வே குடியிருப்புல எனக்கு ஒரு அறை தரேன்னாங்க" என்றாள். "வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"ஏன்?"

"இங்கதான் இருப்பேன். வீட்டுவசதிச் சட்டப்படி நீங்க என்னை வெளியே அனுப்ப முடியாது. தினம் காலையில ஆறரைக்கு உங்க எதிர்ல உக்காந்து காபி குடிப்பேன். தினமும் கேப்பேன்."

"எதை?"

"எத்தனை மணிக்கு வந்தார்னு."

பிப்ரவரி 10

கேட்டாள். ஏழு இருபது என்றேன். "சரி" என்று சொல்லி வேலைக்குப் போனாள்.

பிப்ரவரி 11

கேட்டாள். சொன்னேன்.

பிப்ரவரி 12

பால் இல்லை. கேட்டாள். சொன்னேன்.

பிப்ரவரி 14

ஆறரைக்குப் பதில் ஏழரைக்கு எழுந்து பார்த்தேன். உட்கார்ந்திருந்தாள், வேலைக்குத் தாமதமானாலும் பரவாயில்லையாம். கூடத்தில் இருக்கலாம் என்றால் விரல் விறைக்கிறது. வாசலுக்குப் போனால் எதிரே அந்தத் தோழன் தொப்பியைத் தொட்டு வணங்குகிறான். என் ஐந்து அறைகளில் நான் உட்காரக்கூடிய இடம் இப்போது ஒரே ஒரு நாற்காலி. அது அவளுக்கு எதிரே இருக்கிறது.

பிப்ரவரி 20, ஞாயிறு

பென்னோ வந்தான், கையில் கால் கிலோ அசல் காபிக் கொட்டையோடு. இரண்டு ஆண்டுகளாக நான் பார்க்காதது. ரோசினாவுக்கு விடுமுறை, சமையலறையில் இருந்தாள். அவன் அவளைப் பார்த்துத் தயங்கவே இல்லை. என் காபி அரவை எந்திரத்தை எடுத்து முழங்கால்களுக்கு நடுவே வைத்துச் சுற்றத் தொடங்கினான். அடுத்த ஞாயிறு இன்னும் நான்கு பெட்டி வருமாம்.

ரோசினா என்னைத்தான் பார்த்தாள். "எத்தனை மணிக்கு வந்தார்மா?"

காலையில் ஒரு முறை கேட்டாகிவிட்டது. இன்றைக்கு இது இரண்டாவது.

"என்ன விளையாட்டு இது?" என்றான் பென்னோ.

"தினமும் கேப்பேன். தினமும் சொல்வாங்க. இன்னைக்கு உங்க எதிர்ல சொல்லட்டும்."

அரவை சுற்றுவது நின்றது. நான் அவனுடைய கையைப் பார்த்தேன். பத்து வயதில் அந்தக் கையின் நகங்களை நான்தான் வெட்டிவிடுவேன்.

"ஏழு இருபது" என்றேன்.

அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். சிரித்தான். அந்தச் சிரிப்பில் ஒளிக்க எதுவும் இல்லை. விசாரணை முடிந்துவிட்டது, இந்த ஊரில் அதை மறுபடி திறக்க ஆள் இல்லை என்பது அவனுக்குத் தெரியும்.

"அத்தைக்கு ஞாபகம் பிரமாதம். நீதிபதிகிட்டதான் மறந்துபோச்சு." அவள் பக்கம் திரும்பினான். "மிச்சத்தையும் கேட்டுடு, ரோசினா. உன் புருஷன் எந்த வழியா வருவான்னு எனக்கு யார் சொன்னாங்கன்னு கேளு. தினம் ரெண்டு கேள்வியா வெச்சுக்க."

ரோசினா கேட்கவில்லை. காத்திருந்தாள். கருணையோ வெறுப்போ அவள் முகத்தில் தெரிந்திருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன்.

"நான்தான் எழுதினேன்" என்றேன். "பெயர், வேலை முடியும் நேரம், பாதை. இரண்டு கடிதம். அவர் எனக்குப் பதினைந்து நாள் கொடுத்தார். ஆறாவது நாளிலேயே நான் எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டேன்."

பென்னோ மறுபடி அரவை எந்திரத்தைச் சுற்றினான். ரோசினா எழுந்திருக்கவில்லை, அழவில்லை, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. டிசம்பரிலிருந்தே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பென்னோவுக்குத் தெரியும். இழுப்பறையை மூடிய நீதிபதிக்கும் தெரியும். அதைக் கேட்டு அந்தச் சமையலறையில் திடுக்கிட்டது நான் ஒருத்திதான்.